சிஸ்டத்தை யார் துடைப்பது, துடைக்கும்போது எதைக் கேட்பது

என் சித்தப்பா மகன் பெருமாநல்லூர் பக்கம் சின்னதாக ஒரு துணி செக்கிங், அயர்னிங் யூனிட் வைத்திருக்கிறான். அங்கே இரண்டு சிஸ்டம். ஒன்றில் கணக்கு மென்பொருளான டேலி ஓடுகிறது, இன்னொன்றில் பில்லும் மெயிலும். போன வாரம் போன் போட்டு, "அண்ணா, ஒருத்தர் வந்து ஏஎம்சி போட்டுக்கச் சொல்றாருங்ணா, போட்டுக்கலாமுங்களா, இல்ல உங்களாட்டம் நானே பாத்துக்கட்டுங்களா?" என்று கேட்டான். ஏஎம்சி என்றால் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம். போனில் நான் சொன்ன பதில் அரைகுறை. அப்புறம் எழுதியே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன், எழுத எழுதப் பாதி, போனில் இறக்கிக் கேட்கும் பேச்சு நிகழ்ச்சியான பாட்காஸ்ட்டைப் பற்றியே வந்துவிட்டது. கணினிப் பராமரிப்புக்கும் பாட்காஸ்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றால், என் விஷயத்தில் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதை முடிவு செய்ததே அதுதான்.

முதலில் என் நிலைமை. திருப்பூரில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஏழெட்டுச் சின்னக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். 2017-இல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்: ஏழாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், பிற்பாடு போட்ட 240 ஜிபி எஸ்எஸ்டி. பக்கத்துச் சந்தில் நிட்டிங் கம்பெனி. பஞ்சுத் தூசியைப் பற்றித் திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மூன்று மாதம் கேபினட்டைத் திறக்காமல் விட்டால், பிராசஸர் மேலே இருக்கும் ஹீட்சிங்க்குக்கும் ஃபேனுக்கும் நடுவில் சன்னமாக ஒரு கம்பளி நெய்து வைத்தது போல இருக்கும், விரலால் உரித்தே எடுக்கலாம். காற்று உள்ளே போகாது, சூடு ஏறும், சூடு ஏறினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நாம் "சிஸ்டம் ஸ்லோவாயிருச்சு, வைரஸ் பூந்துருச்சாட்ட இருக்குது" என்று சொல்லிக்கொண்டு வேறு எதையாவது நோண்டிக்கொண்டிருப்போம்.

எங்கள் ஊரில் பெரும்பாலான சிஸ்டங்களுக்கு வருடத்துக்கு ஒரே ஒரு குளியல்தான், ஆயுத பூஜைக்கு. நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். அதைக் குறைவாகச் சொல்ல எனக்கு மனம் வராது. அன்றைக்கு எல்லா வேலையும் நிற்கும், மேஜையை நகர்த்துவோம், ஒயரெல்லாம் உருவி, பின்னால் செத்துக் கிடக்கும் பல்லியை எடுத்துப் போட்டு, மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரிகடலை சாப்பிட்டு முடித்தால் ஒரு திருப்தி வரும். ஆனால் துடைப்பதெல்லாம் வெளிப்புறம். கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றுகிறவர்கள் குறைவு, ஈரத்துணியோடு கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கழற்றாமல் இருந்தாலே நல்லது. பேக்கப் என்பது பூஜைச் சாமான் பட்டியலில் கிடையாது. வைத்த சந்தனப் பொட்டு பொங்கல் வரைக்கும் மானிட்டரில் காய்ந்துபோய் ஒட்டியிருக்கும், உள்ளே கம்பளி தீபாவளிக்கே தயாராகியிருக்கும். தூசி இல்லாத ஊரில், ஏசி அறையில், வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மட்டும் ஓடும் சிஸ்டம் என்றால் இந்த வழியே போதும் என்று சொல்லிவிடுவேன். திருப்பூரில் போதாது.

அடுத்தது கடை. கேபினட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தால் நானூறு, ஐநூறு வாங்கிக்கொண்டு சாயங்காலம் தந்துவிடுவார்கள். ப்ளோயர் போட்டு ஊதி, பிராசஸருக்குச் சூட்டைக் கடத்தும் புதுப் பேஸ்ட் வைத்து, ராமைக் கழற்றி அதன் தங்க நிறப் பட்டைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகுவார்கள். அந்த ரப்பர் வைத்தியத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. ஆனால் படிந்த அழுக்கு போனால் தொடர்பு சரியாகிவிடும், பாதிக் கேஸ் அதிலேயே எழுந்து உட்காரும். கை வேலையில் அவர்களுக்குப் பக்கத்தில் நான் வர முடியாது. நான் முக்கால் மணி நேரம் எடுக்கும் வேலையை அந்தப் பையன்கள் டீ குடித்துக்கொண்டே பத்து நிமிடத்தில் முடிக்கிறார்கள்.

சிக்கல் வேறு இடத்தில். சாஃப்ட்வேர் கோளாறு என்று போனால் பல கடைகளில் கை முதலில் போகும் மருந்து ஃபார்மட். ஒருமுறை, எந்தக் கடை என்று சொல்ல வேண்டாம், "சார், ஃபார்மட் அடிச்சுக் கொடுத்துட்டனுங்க, இனி பிளேனாட்டம் பறக்கும் பாருங்க" என்றார். பறந்தது, உண்மைதான். டேலி டேட்டா டி டிரைவில் இருந்ததால் தப்பித்தது. டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருந்த ஒரு கம்பெனியின் நான்கு மாதக் கொள்முதல் பில் ஸ்கேன்களும் சேர்ந்து பறந்துவிட்டன. மறுபடி அந்தக் கம்பெனிக்காரரிடம் போய் நின்று, ஃபைலை வாங்கி, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்த அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, பேக்கப் எடுக்காதது நான். இன்னொன்று, கணக்கு எழுதுகிறவன் சிஸ்டத்தில் நாலு பேருடைய பான் நம்பரும் ஜிஎஸ்டி பாஸ்வேர்டும் பிரவுசரிலேயே சேமித்துக் கிடக்கும், அதை ஒரு பகல் முழுக்க அடுத்தவர் மேஜையில் விட்டுவிட்டு வருவது எனக்கு இப்போதெல்லாம் ஒப்பவில்லை.

ஏஎம்சி என்பது அதே கடையை வருடக் கணக்கில் வாடகைக்கு எடுப்பது போல. இதில் இரண்டு ரகம் உண்டு: பாகம் போனால் பாகத்தையும் அவர்களே மாற்றித் தருவது கம்ப்ரிஹென்சிவ், கூலி மட்டும் அவர்களுடையது, பாகத்துக்கு நீங்கள் தனியாகக் கொடுப்பது நான்-கம்ப்ரிஹென்சிவ். எட்டு வருடப் பழைய சிஸ்டத்துக்கு முதல் ரகம் தர யாரும் முன்வர மாட்டார்கள், வந்தால் விலையைப் பார்த்து நாமே பின்வாங்குவோம். சிஸ்டம் நின்றால் லோடு நிற்கும் என்ற நிலைமையில் இருப்பவர்களுக்கு ஏஎம்சி நல்ல விஷயம், கூப்பிட்டால் இன்றைக்கே ஆள் வரும் என்பதற்கு ஒரு விலை உண்டு. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் "மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ்" என்று காகிதத்தில் இருக்கும் வரிக்கு என்ன பொருள் என்று கேட்டுவிட வேண்டும், கேபினட்டைத் திறப்பார்களா, வந்து பார்த்துவிட்டுக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போவார்களா என்று. பேக்கப் யார் பொறுப்பு என்றும் கேட்க வேண்டும். அநேகமாக அது உங்கள் பொறுப்பு என்றுதான் சின்ன எழுத்தில் இருக்கும்.

ஒரே கிளிக்கில் எல்லாவற்றையும் சுத்தம் செய்கிறேன் என்று வரும் மென்பொருள்களை நான் நாலாவது வழியாகக் கணக்கில் எடுக்கவில்லை. 2017-இல் சிசிகிளீனரின் ஒரு பதிப்பிலேயே யாரோ தீநிரல் சொருகி, அது அதிகாரபூர்வமாகவே லட்சக்கணக்கானவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. விண்டோஸிலேயே டெம்பரரி ஃபைல்களைத் தானே துடைக்கும் ஸ்டோரேஜ் சென்ஸ் இருக்கிறது. டிரைவ்களை வாரத்துக்கு ஒருமுறை அதுவே ஆப்டிமைஸ் செய்துகொள்ளும், ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் சிதறிக் கிடக்கும் ஃபைல்களை ஒழுங்காக அடுக்கும் டிஃப்ராக், எஸ்எஸ்டியாக இருந்தால் அழித்த இடங்களை விடுவிக்கும் டிரிம். அதற்கு மேல் யாரும் வந்து துடைக்க வேண்டியதில்லை.

சரி, மூன்றாவது வழி: மாதம் ஒரு ஞாயிறு, நானே செய்வது. நான் இப்போது செய்வது இதைத்தான், ஆனால் இது தானாகப் பழகிவிடவில்லை. 2020 ஊரடங்கில் முதல்முறை ஆரம்பித்து இரண்டே மாதத்தில் விட்டேன். ஏன் விட்டேன் என்பதுதான் இந்த ஒப்பீட்டில் முக்கியமான இடம் என்று நினைக்கிறேன். வேலை கஷ்டமாக இருந்ததால் விடவில்லை. வேலையே இல்லாததால் விட்டேன்! கணினிப் பராமரிப்பில் கை அசையும் நேரம் மொத்தமாகக் கூட்டினாலும் அரை மணி, முக்கால் மணிதான் வரும். மிச்சமெல்லாம் காத்திருப்பு. அப்டேட் 34 சதவீதம், 34 சதவீதம், 34 சதவீதம். எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு நூறு ஜிபி காப்பி செய்தால், நொடிக்கு நூறு எம்பி வேகம் நிலையாகக் கிடைத்தால்கூடப் பதினேழு நிமிடம், அந்த வேகம் நிலையாகக் கிடைக்கவே கிடைக்காது, சின்னச் சின்ன ஃபைல்களாக இருந்தால் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் ஃபுல் ஸ்கேன் கொடுத்தால் பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க யாரால் முடியும்? எழுந்து டீ போடப் போவேன், அப்படியே மார்க்கெட்டுக்குப் போய்விடுவேன், மத்தியானம் வந்து பார்த்தால் காப்பி பன்னிரண்டாவது சதவீதத்தில் "இதே பெயரில் ஃபைல் இருக்கிறது, மாற்றவா விடவா" என்று கேட்டுவிட்டுக் காலையிலிருந்து எனக்காகக் காத்துக்கொண்டிருக்கும். இப்படி இரண்டு ஞாயிறு போனால் மூன்றாவது ஞாயிறு உட்கார மனம் வராது.

ஆக எனக்கு வேண்டியிருந்தது, என்னை மூன்று மணி நேரம் நாற்காலிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கும் ஏதோ ஒன்று, ஆனால் கண்ணையும் கையையும் கேட்காத ஒன்று. வரிசையாக முயன்று பார்த்தேன். வீடியோ முதல் நாளே தோற்றது. கண் போனுக்குப் போய்விட்டால் ஸ்குருவைத் தரையில்தான் தேட வேண்டும். எஃப்எம் பரவாயில்லை, ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நகைக்கடை விளம்பரம் உச்சஸ்தாயியில் கத்தும். பாட்டு? எனக்கும் இளையராஜாதான், அதில் சந்தேகம் வேண்டாம், ஆனால் நாலரை நிமிடத்துக்கு ஒருமுறை பாட்டு முடிகிறது, அடுத்தது பிடிக்கவில்லை என்றால் கை போனுக்குப் போகிறது, போன கை வாட்ஸ்அப்பைத் திறந்துவிட்டுத்தான் திரும்புகிறது. பிடித்த பாட்டாக இருந்தால் இன்னும் மோசம், மனது எங்கேயோ 1988-க்குப் போய்விடும், எதைக் காப்பி செய்தேன் எதைச் செய்யவில்லை என்பது மறந்துவிடும். ஆடியோ புத்தகத்தில் ஒரு பக்கம் தவறினால் கதை தவறிவிடுகிறது, திருப்பி ஓட்ட வேண்டும்.

கடைசியில் நிலைத்தது பாட்காஸ்ட்தான். வலையொலி என்று நல்ல தமிழ்ப் பெயர் இருக்கிறது, நான் பழக்க தோஷத்தில் பாட்காஸ்ட் என்றே எழுதுகிறேன். ஏன் நிலைத்தது என்று யோசித்தால், அம்மாதான் நினைவுக்கு வருகிறார். அம்மா அரிசியில் கல் பொறுக்கும்போதும் அவரைக்காய் நார் உரிக்கும்போதும் பக்கத்தில் டிரான்சிஸ்டர் இருக்கும், இலங்கை வானொலி, அப்துல் ஹமீது குரல். பாட்டைவிட அந்தப் பேச்சுக்குத்தான் அம்மா தலையை ஆட்டிக்கொண்டிருப்பார், நடுநடுவே பதிலும் சொல்வார். கையில் நிதானமான ஒரு வேலை, காதில் ஒரு ஆள். அந்த ஆள் நம்மோடு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தால் வேலை முடிகிறவரை நாமும் எழுந்து போவதில்லை. நாற்பது நிமிடம் இருவர் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருக்கும் ஒரு நிகழ்ச்சி, நடுவில் இரண்டு நிமிடம் காதில் விழாமல் போனாலும் குடி முழுகாது, திண்ணையில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிற மாதிரிதான். வானொலியில் கிடைக்காத இரண்டு வசதிகளும் உண்டு. வேண்டும்போது நிறுத்தலாம், பேசுகிறவர் இழுத்தால் 1.25 வேகத்தில் ஓட்டலாம். நான் 1.25-க்கு மேல் போவதில்லை, அதற்கு மேல் போனால் எல்லோரும் ஏலம் விடுகிறார்கள்.

இதன் அடிப்படை மிக எளிமையானது என்பதும் எனக்குப் பிடித்த விஷயம். பாட்காஸ்ட் என்றால் ஆர்எஸ்எஸ் என்னும் ஒரு பட்டியல் ஃபைல், அதில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு ஒலிக் கோப்பின் முகவரி. நம் போனில் இருக்கும் செயலி அந்தப் பட்டியலை அவ்வப்போது பார்த்துப் புதிதாக வந்ததை இறக்கி வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். மென்பொருள்காரர் டேவ் வைனரும் முன்னாள் டிவி தொகுப்பாளர் ஆடம் கரியும் அந்தப் பட்டியலில் ஒலியைக் கோத்து வழிசெய்து வைத்தார்கள், 2004 பிப்ரவரியில் கார்டியன் பத்திரிகையில் பென் ஹாமர்ஸ்லி எழுதிய ஒரு கட்டுரையில் இந்தப் பெயர் முதன்முதலாக வந்தது, 2005-இல் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸில் சேர்த்ததும் ஊரெல்லாம் பரவியது. இருபது வருடமாகியும் இந்த ஏற்பாடு யார் கைக்கும் முழுசாகப் போகவில்லை. 2024-இல் கூகுள் தன் பாட்காஸ்ட் செயலியை மூடியபோது நான் செய்தது ஒன்றுதான்: சந்தா பட்டியலை ஓபிஎம்எல் என்ற சின்ன ஃபைலாக எடுத்து, ஆன்டெனாபாட் என்ற திறந்த மூலச் செயலியில் போட்டேன், எல்லாம் அப்படியே வந்துவிட்டது. அந்த ஃபைலும் இப்போது என் மாதாந்திர பேக்கப் ஃபோல்டரில் டேலி டேட்டாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

முக்கியமான ஒன்று, பாட்காஸ்ட் போனில்தான் ஓட வேண்டும், சர்வீஸ் செய்யும் சிஸ்டத்திலேயே ஓட்டக்கூடாது. சிரிக்காதீர்கள், நான் ஓட்டினேன். சுவாரசியமான இடத்தில் "ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்" என்று வரும், பத்து நிமிடம் கழித்துச் செய்துகொள்ளலாம் என்று தள்ளி வைப்பீர்கள், அந்தப் பத்து நிமிடம் அடுத்த ஞாயிறு வரை நீளும்.

எந்த மாதிரி நிகழ்ச்சி என்பதிலும் ஒப்பீடு உண்டு. கொலை, மர்மம் என்று போகிற தொடர்களைக் கேட்டுக்கொண்டு கேபினட்டைத் திறந்தால், ஒரு கையில் ஸ்குரு டிரைவரோடு சிலையாக நிற்பீர்கள். அதெல்லாம் பாத்திரம் துலக்குவதற்குச் சரி, அங்கே கை பழக்கத்தில் ஓடும். செய்தி அலசல் கேட்டால் கோபம் வருகிறது, கோபத்தோடு ராமை அழுத்தக்கூடாது. தமிழில் வரலாறு பேசுகிறவர்கள், பழைய பட்டிமன்ற, இலக்கியச் சொற்பொழிவு ஒலிப்பதிவுகள், இவை எனக்கு நன்றாகப் பொருந்துகின்றன, மேடைப் பேச்சுக்கென்றே ஒரு ஏற்ற இறக்கம் இருப்பதால் கொஞ்சம் கவனம் சிதறினாலும் கைதட்டலில் திரும்பிவிடலாம். ஆங்கிலத்தில் தொடர்ந்து கேட்பது ஒன்றுதான், செக்யூரிட்டி நவ். 2005 ஆகஸ்டில் ஆரம்பித்து இன்றும் வாரம் தவறாமல் வருகிறது, லியோ லபோர்ட் கேள்வி கேட்க ஸ்டீவ் கிப்சன் விளக்குகிறார். இந்த கிப்சன், ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்துத் தேற்றும் ஸ்பின்ரைட் என்ற மென்பொருளை எண்பதுகளின் கடைசியிலிருந்தே விற்றுக்கொண்டிருப்பவர், அதாவது பராமரிப்புக்காரரே பாட்காஸ்ட் நடத்துகிறார். நிகழ்ச்சி எண்ணுக்கு மூன்று இலக்கம்தான், 999-ஓடு நிறுத்திக்கொள்கிறேன் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் மனசு மாறி ஆயிரத்தைத் தாண்டிவிட்டார். ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும், என் ஞாயிறுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. ஒரு எச்சரிக்கை மட்டும்: தொழில்நுட்பப் பாட்காஸ்ட் கேட்டால் கை ஊறும். அவர்கள் ஏதாவது ஒரு செட்டிங்கைப் பற்றிப் பேசினால் உடனே போய் மாற்றத் தோன்றும். அதைக் காகிதத்தில் குறித்துவிட்டு அடுத்த மாதம் பார்க்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் அதில் பாதி தேவையில்லை என்று தெரிந்துவிடும்.

இனி, எப்போது கேட்கக்கூடாது என்பது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கேபினட்டைத் திறந்து ஊதி முடித்து, மூடாமலே முதல்முறை ஆன் செய்யும் அந்த இரண்டு நிமிடம் காதில் எதுவும் இருக்கக்கூடாது, பக்கத்து அறை டிவியையும் நிறுத்தச் சொல்லலாம். கணினி தன் நோயைக் காதுக்குத்தான் முதலில் சொல்கிறது. ராம் சரியாக உட்காராவிட்டால் விடாமல் பீப் அடிக்கும். ஃபேனின் பேரிங் தேய்ந்தால் முதல் சுற்றில் மட்டும் ஒரு கரகரப்பு கேட்கும், சூடேறியதும் மறைந்துவிடும், அப்போது விட்டால் அடுத்த நாள்தான். ஹார்ட் டிஸ்க் போகப் போகிறது என்றால் டிக், டிக் என்று சீராக ஒரு சத்தம், உள்ளே இருக்கும் முனை தட்டின் மேல் தன் இடத்தைத் தேடித் தேடித் திரும்பி வருகிற சத்தம் அது. போன ஜூனில் அப்படி ஒன்று கேட்டது. டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைத் திறந்து பார்த்தால் நீலமாக இருக்க வேண்டிய கட்டம் மஞ்சளாக இருந்தது. அன்றைக்கே முழு டிரைவையும் காப்பி செய்தேன், மூன்று வாரம் கழித்து அந்த டிஸ்க் எழுந்திருக்கவே இல்லை. காதில் இயர்பட்ஸ் இருந்திருந்தால் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டிருக்காது, அதிலும் சுற்றுச் சத்தத்தை அடக்கும் வகை என்றால் கேட்கவே வழியில்லை.

இன்னொரு இடம், கணினி "நிச்சயமா?" என்று கேட்கும் எல்லா இடங்களும். டிலீட், ஃபார்மட், பார்ட்டிஷன், ரீப்ளேஸ். ஒருமுறை சோழர் காலத்து ஏரிகளைப் பற்றி யாரோ அருமையாகப் பேசிக்கொண்டிருந்தார், நான் போன மாத பேக்கப்பைப் புது டேட்டாவின் மேலேயே போட ஆமாம் என்று அழுத்திவிட்டேன். இரண்டு நாள் வேலை போயிற்று. அன்றிலிருந்து அந்தப் பெட்டி திரையில் வந்தால் முதலில் பாட்காஸ்ட்டை நிறுத்தும் பாஸ், பிறகு படிப்பது, பிறகுதான் மவுஸ்.

என் ஞாயிறு எப்படி ஓடுகிறது என்பதைத் தம்பி கேட்டான், அதனால் அதையும் சொல்கிறேன். எந்த ஞாயிறு என்பதிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அப்டேட்டுகளை விடுகிறது, 2003-இலிருந்து அப்படித்தான், நம் நேரத்துக்கு இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. இரண்டாவது செவ்வாய் என்றால் 8-இலிருந்து 14-க்குள் வரும். மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறவர்களுக்கு விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாள் 11, வரி கட்டும் 3பி கடைசி நாள் 20. கணக்கு எழுதுகிறவன் வயிற்றில் புளியைக் கரைக்க இதைவிட நல்ல தேதி கிடைக்காது. அதனால் மாதம் பிறந்ததும் அப்டேட்டை நிறுத்தி வைத்துவிடுவேன், விண்டோஸ் 35 நாள் வரை அனுமதிக்கிறது. 20-ஆம் தேதி தாண்டி வரும் முதல் ஞாயிறு திறந்துவிடுவேன். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, என் ஏழாம் தலைமுறை பிராசஸரை விண்டோஸ் 11 ஏற்காது, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துப் பதிவு செய்து, கூடுதல் ஓராண்டுப் பாதுகாப்பு அப்டேட்டில்தான் ஓட்டுகிறேன். லினக்ஸ் போட்டுக்கொள் என்று சொல்கிறவர்களுக்கு: விண்டோஸுக்கென்றே செய்த டேலிக்கு நான் என்ன பதில் சொல்வது?

காலையில் முதல் வேலை பேக்கப், மற்ற எதையும் தொடும் முன். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரு பிரதி, முக்கியமானது மட்டும் இணையத்தில் ஒரு பிரதி. காப்பி ஓட ஆரம்பித்ததும் பாட்காஸ்ட்டும் ஆரம்பம். அது முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிடுவேன், சிஸ்டத்திலேயே செருகி விட்டால் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் ஏதாவது வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். அப்புறம் ஷட் டவுன், பவர் கார்டை உருவி, கேபினட்டை மொட்டை மாடிக்கு எடுத்துப் போய்ப் பெயின்ட் பிரஷ்ஷும் ப்ளோயரும். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டுதான் ஊத வேண்டும், இஷ்டத்துக்குச் சுழலவிட்டால் பேரிங் கெடும். ப்ளோயர் சத்தத்தில் பாட்காஸ்ட் கேட்காது, அந்த ஐந்து நிமிடம் பாஸ். கீழே வந்து அந்த மௌன இரண்டு நிமிடம். எல்லாம் சரி என்றால் மூடி, அப்டேட், ரீஸ்டார்ட், ஸ்கேன், அது ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்டப் பட்டியலைப் பார்த்து நாம் கேட்காமலேயே வந்து உட்கார்ந்தவர்களை வெளியே அனுப்புவது, யூபிஎஸ் வயரை உருவி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பார்ப்பது. கடிகாரம் பின்னால் ஓடுகிறதா என்றும் பார்ப்பேன், மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும், தேதி தப்பாக இருந்தால் ஜிஎஸ்டி தளமே திறக்காமல் பிரவுசர் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும், நீங்கள் இன்டர்நெட்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள். பிராசஸர் பேஸ்ட் மாற்றுவதை மட்டும் நான் செய்வதில்லை, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கடைதான், அதுவும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு. எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம், ஒன்றரைப் பாட்காஸ்ட்.

செலவைப் பார்த்தால் மூன்று வழிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ப்ளோயர், பிரஷ், எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கிய காசில் எத்தனையோ தடவை கடைக்குக் கொடுத்திருக்கலாம். திறமையைப் பார்த்தால் கடை ஜெயிக்கும். ஆனால் மாதாமாதம் நடக்கிறதா என்று பார்த்தால் எனக்கு ஞாயிறுதான் நடக்கிறது, அது நடப்பதும் அந்த மூன்று மணி நேரத்தை நான் எதிர்பார்த்துக் காத்திருப்பதால்தான். வாரம் முழுக்கக் கேட்காமல் இரண்டு நிகழ்ச்சியை இதற்கென்று ஒதுக்கி வைத்திருப்பேன். மனைவிக்கு இந்த ரகசியம் தெரியும், "உள்ள தூசியே இல்லையே, எதுக்குத் திறக்கறீங்க" என்று போன மாதம் கேட்டார்.

தம்பிக்கு நான் சொன்னது வேறு. அவனிடம் இரண்டு சிஸ்டம், அதை மூன்று பேர் கைமாற்றிப் பயன்படுத்துகிறார்கள், ஞாயிறு பல வாரம் லோடு இருக்கும், சிஸ்டம் ஒரு நாள் நின்றால் டெலிவரி சலான் போட முடியாது. அவனுக்கு ஏஎம்சிதான், நான்-கம்ப்ரிஹென்சிவ் ரகம், கேபினட்டைத் திறந்து ஊதுவார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு. ஆனால் பேக்கப்பை மட்டும் யாரிடமும் விடாமல், 20-க்குப் பிறகு ஏதாவது ஒரு நாள் ராத்திரி யூனிட் சாத்தியபின் அவனே உட்கார்ந்து எடுக்க வேண்டும், எக்ஸ்டர்னல் டிஸ்க்கை வீட்டுக்கு எடுத்துப் போய்விட வேண்டும். அதற்கு அரை மணி நேரம் ஆகும், அந்த அரை மணிக்கு நல்லதாக நாலு பாட்காஸ்ட் சொல்லட்டுமா என்றேன்.

"அதெல்லாம் நமக்கு ஆகாதுங்ணா, நான் பாட்டே கேட்டுக்கறனுங்க."

சரிடா, பாட்டே கேளு, டிஸ்க்கைச் செருகி ஆன் பண்ணும்போது மட்டும் நிறுத்திக்கோ என்றேன்.